தோல் கழிவு இறங்கிய நிலத்தில் உளுந்து மஞ்சளிப்பது ஏன்?

கேள்வி: வாணியம்பாடி அருகே பாலாற்றங்கரையில் ஒரு ஏக்கர். கிணற்றில் தோல் பதனிடும் கழிவு கலந்திருக்கிறது. 30 நாள் உளுந்து குட்டையாக நின்று மஞ்சளிக்கிறது. யூரியா போட்டும் தேறவில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்தான் காரணமா?

பதில்: நாலைந்து செடியை மண்ணோடு பெயர்த்து, அலசி, வேர் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்யவில்லை. அப்போது அடி இலைதான் முதலில் மஞ்சளிக்கும். கொழுந்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. செடி இரும்பை எடுப்பதையும் குரோமியம் தடுக்கும். இலை ஓரம் கருகினால் உப்பு. தோல் கழிவில் உப்பும் ஏராளம் என்பதால் பழி முழுவதையும் குரோமியத்தின் மேல் போட்டுவிடாதீர்கள். பளிச்சென்று மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். அந்தச் செடிகளை உடனே பிடுங்குங்கள்.

யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடக்கூட முடிச்சு குறையும். பதிலாக 4 கிலோ டிஏபி உரத்தை 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, தெளிவை வடித்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் மாலையில் தெளியுங்கள். இதற்கு அந்தக் கிணற்று நீர் வேண்டாம்.

மண்வள அட்டையில் குரோமியம் வராது. தனியாகக் கேட்க வேண்டும். மொத்த அளவு மட்டும் போதாது. மண்ணில் குரோமியம் இரண்டு வகையாக இருக்கும். மூன்று இணைதிறன் (Cr III) வகை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். நீரில் கரைந்து வேரைத் தாக்குவது ஆறு இணைதிறன் (Cr VI) வகை. 15 செ.மீ. ஆழத்தில், பத்துப் பன்னிரண்டு இடங்களில் மரக்குச்சியால் மண் எடுங்கள். எவர்சில்வரிலேயே குரோமியம் இருப்பதால் அந்தக் கரண்டி கூடாது. ஆறு இணைதிறன் சோதனைக்கான மண்ணைக் காயவைக்காமல், குளிர்ச்சியாக, உடனே ஆய்வகத்தில் கொடுங்கள்.

கிணற்று நீரையும் சோதியுங்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருந்தால் பாசனத்துக்கு ஆகாது. அதைப் பாய்ச்சிக்கொண்டே என்ன உரமிட்டாலும் வீண். நல்ல நீர் கிடைத்த பின், ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடுங்கள். அதிலுள்ள கரிமப் பொருள் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் வகையாக மாற்றிக் கட்டிப்போடும். அடுத்த விதைப்பில் 8 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் ஒன்றை அரிசிக் கஞ்சியில் கலந்து நேர்த்தி செய்யுங்கள்.

நிலக்கடலைக்கு மாறலாம் என்று நினைக்காதீர்கள். அதன் காய் மண்ணுக்குள்ளேயே விளைகிறது. குரோமியம் பெரும்பாலும் வேரில்தான் தங்கும். ஆகவே உளுந்தை வேரோடு பிடுங்காமல் அறுத்து எடுங்கள், ஆடுமாடுகளுக்கு வேர்ப்பகுதியைப் போடாதீர்கள். பருப்பையும் சோதித்த பிறகே வீட்டுக்கு எடுங்கள்.