டேம் எத்தனை அடிங்க?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், மழையும் பனியும் குறைந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் குறைகிறதாமே? நம்ம நீலகிரி மலையில் பனிக்கட்டியே இல்லை. பவானிசாகர் அணையும் 105 அடி நிரம்புது. நமக்கென்னங்க கவலை?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 105 அடி! கோபிப் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் முதல் பேச்சு டேம் எத்தனை அடி என்பதுதான். பெண்ணின் உயரம் அப்புறம். மாப்பிள்ளைக்கு வாய்க்கால் பாசனமா, கிணறா என்பதும் அப்புறம்தான். அந்த 105-ம், 120-இல் சகதிக்கு 15 கழித்த கணக்கு. அது இருப்பு, வரவு வேறு. வரவையும் நம்பாதீர்கள்: குந்தாவில் மின்சாரம் எடுத்து, பில்லூரில் தேக்கித்தான் கீழே விடுகிறார்கள். மலை தருவதை அறிய, அணைகளுக்கு மேலே, மாசி பங்குனியில் ஓடையை அளக்க வேண்டும்.

கொலராடோவுக்கு வருவோம். 100 பங்கு மழையில் 85 மண், இலை வழியாக ஆவியாகி 15 ஆறாகிறது என்று வையுங்கள். சூடு ஏறி ஆவி 86.5 ஆனால், மழை குறையாமலே ஆற்றில் பத்தில் ஒரு பங்கு காலி. மில்லி, டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2020-இல் போட்ட கணக்கு: சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆற்றில் சுமார் 9 சதவீதம் குறையும். பனி வெள்ளையாகக் கிடந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். அது போனால் தரை சூடேறி ஆவி கூடுகிறது.

நமக்கு அந்தப் பனி இல்லைதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் கொள்ளும். காய்ந்த மண் தன் தாகம் தீர்ந்த பிறகே ஓடைக்கு விடும். மேல்பவானியில் கொட்டும் மழைக்கு இது சில்லறை. மழை மறைவான மோயாற்றுக் கிழக்கில் அப்படியில்லை.

கோடையில் ஓடைக்குக் கசியவிடுவது புல்வெளியும் சோலையும் சதுப்பும். 'மலை முழுக்க மரம் நடு' கட்சியார் இப்போதே பேனாவைத் திறக்கலாம். நீலகிரியின் க்ளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடைத் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. சூட்டைக் குறைக்க கோபியால் ஆகாது. புல்வெளியில் ஏறிய சீகையை (சீயக்காய் அல்ல, வாட்டில் என்னும் அயல் மரம்) எடுக்கலாம். வெட்டினால் மட்டும் போகாது. விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வருஷாவருஷம் கன்று பிடுங்க ஆள் வேண்டும். கன்று நடும் விழாவுக்கு மேடை போடுகிறவர்கள், பிடுங்குகிற கூலிக்கும் ஒரு செக் எழுதட்டும்.