பொக்காளிக்கு மைக்ரோஅரேயா, சீக்வென்சிங்கா?

கேள்வி: உப்பைத் தாங்கும் பொக்காளி, தாங்காத ஐ.ஆர். 29 ஆகிய நெல் ரகங்களின் வேரில், உப்பு ஏறும்போது எந்தெந்த மரபணுக்களின் வெளிப்பாடு மாறுகிறது என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறேன். சீனியர் ஒருவர் விட்டுச்சென்ற மைக்ரோஅரே தரவு ஆய்வகத்தில் இருக்கிறது. நானும் மைக்ரோஅரே செய்து அதோடு சேர்த்துவிடலாமா, ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செய்யலாமா? பணம் குறைவு.

பதில்: சீக்வென்சிங்கே செய்யுங்கள். மைக்ரோஅரே, சிப்பில் பதித்த புரோப்களில் (மரபணுவின் சிறு துண்டுகளில்) மாதிரி ஒட்டும்போது வரும் ஒளியை அளக்கிறது; சீக்வென்சிங், ஆர்.என்.ஏ. துண்டுகளின் எழுத்துகளைப் படித்து எண்ணுகிறது. உங்கள் ரகங்களை வைத்தே சொல்கிறேன்.

நெல்லுக்கான அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் சிப்பில் உள்ள புரோப்கள் 25 டி.என்.ஏ. எழுத்து நீளம். பெரும்பாலானவை ஜப்பானிக்கா நெல்லின் வரிசையைப் பார்த்துச் செய்தவை. உங்கள் இரண்டு ரகங்களும் இண்டிகா என்ற வேறு வகை. புரோப் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே பிடிப்பு தளர்ந்து ஒளி மங்கலாம். மரபணு நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். நீங்களோ பொக்காளியில் குறைந்துவிட்டது என்று எழுதுவீர்கள். எத்தனை ரெப்ளிகேட் (ஒரே சோதனைக்கான மறுமாதிரி) வைத்தாலும் இந்தப் பிழை போகாது, அதனால்தான் எனக்கு இதில் பயம் அதிகம். சீக்வென்சிங் ரீட்கள் (படித்த துண்டுகள்) 100, 150 எழுத்து நீளம் என்பதால் ஓரிரு வேறுபாடுகளைத் தாங்கும். இண்டிகா மரபுத்தொகுதியோடு பொருத்தினால் இன்னும் நல்லது.

பணத்தை ஆழத்தில், அதாவது மாதிரிக்கு எத்தனை ரீட் என்பதில், கொட்டாதீர்கள். மரபணு அளவில் ஒப்பிட, மாதிரிக்கு 2 கோடி ரீட் போதும். மிச்சத்தை ரெப்ளிகேட்டுக்குக் கொடுங்கள். ஈஸ்ட்டில் 48 ரெப்ளிகேட் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. மூன்றே ரெப்ளிகேட் எடுத்தால், எல்லாவற்றையும் வைத்துக் கண்டுபிடித்த மரபணுக்களில் 20 முதல் 40 சதவீதம்தான் அகப்பட்டது. அந்த ஆய்வு சொல்லும் ஆறு ரெப்ளிகேட் முடியாவிட்டாலும் ஐந்து வையுங்கள்: இரண்டு ரகம், உப்போடும் உப்பில்லாமலும், மொத்தம் 20 மாதிரி. ரெப்ளிகேட் என்றால் தனித்தனியாக வளர்த்த செடிகள். ஒரே ஆர்.என்.ஏ.வை ஐந்தாகப் பிரிப்பது கணக்கில் வராது.

சீனியரின் தரவைத் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் எண்களை ஒன்றாகக் கலக்காதீர்கள். அது ஒளியின் அளவு, உங்களுடையது எண்ணிக்கை. அதை லிம்மா என்ற மென்பொருளில் தனியாகப் பாருங்கள். உங்களுடையதை டெசெக்2 என்ற மென்பொருளில் பாருங்கள், எஃப்.பி.கே.எம். (மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்டுக்கும் சரிசெய்த அளவு) ஆக மாற்றாமல் அசல் எண்ணிக்கையாகவே கொடுங்கள். இரண்டிலும் ஒரே திசையில் மாறும் மரபணுக்கள் உங்கள் முடிவுக்கு நல்ல பக்கபலம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எல்லா வேர்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வெட்டி உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். காலையில் கண்ட்ரோலும் மாலையில் உப்புச் செடியும் எடுத்தால், பொழுதுக்கு ஏற்ப மாறும் நாள்கடிகார மரபணுக்கள்தான் பட்டியலில் முதலில் வந்து நிற்கும்.