எலும்பை அறுக்கும் ரம்பமும் தானே விரியும் ஸ்டென்ட்டும்: கேள்வி பதில்

செவிலியர் பயிற்சி மாணவி: மாவுக்கட்டை வெட்டும் ரம்பம் தோலை அறுக்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. அதன் அலகு சக்கரம்போல் சுழல்வதில்லை. சில பாகை அளவே இப்படியும் அப்படியும் அதிர்கிறது. விறைப்பாக நிற்கும் மாவுக்கட்டு அறுபடுகிறது; நெகிழும் தோல் அலகோடு சேர்ந்து அசைந்துவிடுகிறது. 1940களில் இதை உருவாக்கியவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர். ஆயினும், அலகை அழுத்தி இழுத்தால் தோல் கிழியும். சூடேறிய அலகு பட்டால் புண்ணாகும்.

முழங்கால் மூட்டு மாற்றத்துக்குக் காத்திருப்பவரின் மகன்: எலும்பை அறுக்கும்போது சலைன் விடுவது தூளைக் கழுவுவதற்காகவா?

பதில்: அதற்காகவும்தான், ஆனால் முதன்மையான காரணம் வெப்பம். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் திசு பாதிக்கப்படும் என்று ஆய்வாளர்கள் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆகியோர் 1983இல் முயல்களில் காட்டினர். மழுங்கிய அலகு உராய்ந்து உராய்ந்து வெப்பத்தைக் கூட்டும் என்பதால், அலகின் கூர்மையில் சிக்கனம் பார்ப்பது என் கணக்கில் வீண் சிக்கனமே.

ஒரு வாசகர்: கம்பி ரம்பம் இன்னும் புழக்கத்தில் உள்ளதா?

பதில்: உள்ளது. இத்தாலிய மகப்பேறு மருத்துவர் லியோனார்டோ ஜிக்லி பிரசவத் தடையை நீக்க இடுப்பெலும்பை அறுப்பதற்கென உருவாக்கிய அக்கம்பி, பின்னர் மண்டையோட்டைத் திறக்கவும் கைகொடுத்தது.

காலில் ஸ்டென்ட் (குறுகிய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைக்கப்பட்டவர்: பலூன் இல்லாமல் அது எப்படி விரிகிறது?

பதில்: அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகக் கலவையாக இருக்கக்கூடும். முழு அளவில் வடிவம் கொடுத்த பிறகு அதைக் குளிர்வித்துச் சுருக்கி மெல்லிய உறைக்குள் அடைக்கிறார்கள். குறுகிய இடத்தை அடைந்ததும் உறையைப் பின்னுக்கு இழுத்தால், உடற்சூட்டில் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி இரத்தக்குழாய்ச் சுவரை உள்ளிருந்து தாங்குகிறது. அது பிடிமானத்தோடு நிற்பதற்காகவே குழாயைவிடச் சற்றுப் பெரிய அளவாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடையும் கழுத்தும் மடங்கித் திரும்பும் இடங்கள். அங்கே பலூனால் விரிக்கும் ஸ்டென்ட் வெளி அழுத்தத்தில் நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும், இதுவோ மீண்டெழும். புற்றுநோயால் அடைபட்ட உணவுக்குழாயிலும் தானே விரியும் வகையே வைக்கப்படுகிறது.

அவரே மீண்டும்: பிறகு ஏன் இதயத்துக்கு அதை வைப்பதில்லை?

பதில்: 1986இல் மருத்துவர்கள் ஜாக் புவேலும் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயத் தமனிகளில் முதன்முதலாக வைத்தவை தானே விரியும் வகைதான். ஆனால் சில மில்லிமீட்டர் விலகினாலே கிளைக்குழாய் மறைபடக்கூடிய அவ்விடத்தில், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு விரிக்க முடிந்த பலூன் வகை அதை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிட்டது.