கேட்டதும் சொன்னதும்: ஊர் மாறினால் உடையும் சிம்லிங்க்

கேள்வி: லினக்ஸிலும் மேக்கிலும் எங்கள் ப்ராஜெக்ட் ஒழுங்காக ஓடுகிறது. விண்டோஸில் கிட் (கோடின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கருவி) வழியாக க்ளோன் செய்தால் மட்டும், சிம்லிங்க் (இன்னொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் லிங்க்) இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரியுள்ள டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கிறது. ஏன்?

பதில்: அந்த ஒரு வரியைப் படித்துப் பாருங்கள், லிங்க் சுட்ட வேண்டிய பாதை அதில் இருக்கும். கிட் சிம்லிங்க்கை 120000 என்ற மோட் எண்ணுடன் (ஃபைலின் வகையைக் குறிப்பது), பாதையை மட்டும் உள்ளடக்கமாக வைத்துச் சேமிக்கிறது. விண்டோஸில் சிம்லிங்க் உருவாக்கத் தனி உரிமை வேண்டும். அது இல்லாத கணக்கில், கிட் அந்தப் பாதையைச் சாதாரண ஃபைலாக எழுதிவிட்டுப் போய்விடுகிறது.

முதலில் செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, அது ஆனில் இருந்தால் அட்மின் உரிமை தேவைப்படுவதில்லை. அடுத்து ரெப்போவுக்குள் (க்ளோன் செய்த ப்ராஜெக்ட் ஃபோல்டர்) நின்று 'கிட் கான்ஃபிக் கோர்.சிம்லிங்க்ஸ் ட்ரூ' கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: குளோபலாக (எல்லா ரெப்போக்களுக்கும் பொதுவாக) மட்டும் மாற்றுவார்கள். க்ளோன் செய்தபோதே ரெப்போவின் சொந்த கான்ஃபிக்கில் 'ஃபால்ஸ்' என்று பதிந்திருந்தால், குளோபலை அது அமுக்கிவிடும். மாற்றியபின் அந்த டெக்ஸ்ட் ஃபைல்களை அழித்து, 'கிட் செக்கவுட்' மூலம் மீண்டும் எடுங்கள். அழிக்காமல் கமிட் செய்தால் (மாற்றத்தைக் கிட்டில் பதிந்தால்), சிம்லிங்க்கே சாதாரண ஃபைலாக, 100644 என்று, எல்லோருக்கும் போய்ச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. அந்த டெக்ஸ்ட் ஃபைலை எடிட்டரில் திறந்து சேவ் செய்யவே வேண்டாம். பல எடிட்டர்கள் கடைசியில் ஒரு புதுவரியைச் சேர்க்கும். அதுவும் பாதையின் பகுதியாகவே கமிட் ஆகும். பிறகு லினக்ஸில் லிங்க் உடைந்திருக்கும், ஆனால் கண்ணுக்குப் பாதை சரியாகவே தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகலாம்.

கேள்வி: ப்ராஜெக்ட்டின் தலைமை ஃபோல்டரில் நின்று 'எல்என் -எஸ் டாக்ஸ்/அ.டெக்ஸ்ட் லிங்க்ஸ்/அ' கொடுத்து ஒரு சிம்லிங்க் உருவாக்கினேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் லிங்க் திறக்கவில்லை.

பதில்: நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பாதை கணக்கிடப்படுவதில்லை, லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்துதான். ஆகவே அது 'லிங்க்ஸ்/டாக்ஸ்/அ.டெக்ஸ்ட்' என்று தேடுகிறது. 'எல்என்' இலக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, அதனால்தான் பிழை வரவில்லை. 'லிங்க்ஸ்' ஃபோல்டருக்குள் போய் '../டாக்ஸ்/அ.டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். லினக்ஸில் 'எல்என் -எஸ்ஆர்' இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். விண்டோஸில் லிங்க் உருவாக்கும் 'எம்கேலிங்க்'கில் வரிசை தலைகீழ்: முதலில் லிங்க், பிறகு இலக்கு. இலக்கு ஃபோல்டர் என்றால் '/டி' கட்டாயம்.

மேக்கில் திறந்த லிங்க் லினக்ஸில் உடைந்தால், பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். மேக்கின் வழக்கமான அமைப்பு இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. ஃபைண்டரில் போடும் 'ஏலியாஸ்' சிம்லிங்க்கே அல்ல. டெர்மினல் கருவிகளுக்கு அது வெறும் ஃபைல்தான்.

கேள்வி: லினக்ஸிலிருந்து பென்டிரைவுக்கு காப்பி செய்தால் லிங்க் மட்டும் பிழை தருகிறது.

பதில்: டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். இரண்டிலும் சிம்லிங்க்குக்கு இடமே இல்லை. 'டார்' (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் வடிவம்) ஆக்கி, அந்த ஒரே ஃபைலைக் கொண்டுபோங்கள். 'ஸிப்' என்றால் '-ஒய்' சேர்க்காவிட்டால் லிங்க்குக்குப் பதில் இலக்கின் நகல் போகும்.

கேள்வி: லிங்க்கை நீக்கினால் மூல ஃபோல்டரும் போய்விடுமா?

பதில்: சரியாக நீக்கினால் போகாது. லினக்ஸிலும் மேக்கிலும் 'ஆர்எம்' உடன் லிங்க்கின் பெயர் மட்டும், கடைசியில் சாய்கோடு இல்லாமல். விண்டோஸில் ஃபோல்டர் லிங்க்குக்கு 'ஆர்எம்டிஐஆர்', '/எஸ்' சேர்க்காமல். 'டெல்' கொடுக்காதீர்கள். 'நிச்சயமா?' என்று அது கேட்கும்போது 'ஒய்' அடித்தால், மூல ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் அழிந்துவிடும், லிங்க் அப்படியே இருக்கும்.