ஹோம் வாரன்டி இருக்கிறது, ஏசிக்குப் பணம் வரவில்லை

ஜூன் பிறந்துவிட்டால் டெக்சஸிலிருந்து வரும் கடிதங்களில் பாதி ஏசியைப் பற்றித்தான். குளிர் தொடங்கினால் நியூ ஜெர்சிக்காரர்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றி எழுதுவார்கள். இந்த முறை இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): போன வருடம் பழைய வீடு ஒன்று வாங்கினோம். விற்றவர் ஒரு வருட ஹோம் வாரன்டி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக் காப்பீடும் இருக்கிறது. ஏசிக்கு 10 வருட வாரன்டி என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறது. ஏசி கெட்டால் இதில் யாரைக் கூப்பிடுவது?

பதில்: மூன்றும் தனித்தனி ஒப்பந்தங்கள். ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது.

வீட்டுக் காப்பீடு விபத்துக்கு. தீ, மின்னல், அப்புறம் உங்கள் ஊர் ஆலங்கட்டி மழை. ஆலங்கட்டி விழுந்து வெளியே நிற்கும் கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் நசுங்கிவிட்டால் அங்கேதான் கேட்க வேண்டும். தேய்ந்து நின்றுபோன ஏசிக்கு அதிலிருந்து ஒரு காசு வராது.

ஸ்டிக்கரில் இருப்பது ஏசி தயாரித்தவர் தரும் வாரன்டி. அது பெரும்பாலும் உதிரிபாகத்துக்கு மட்டும். கூலியும் ஏசிக்குள் ஓடிக் குளிர்விக்கும் கேஸும் உங்கள் தலையில். அந்த 10 வருடத்திலும் ஒரு சங்கதி உண்டு. பல பிராண்டுகளில் பொருத்திய 60 அல்லது 90 நாளுக்குள் பதிவு செய்தால்தான் 10 வருடம், இல்லாவிட்டால் 5. வீடு கைமாறும்போது குறைந்துவிடுவதும் உண்டு. வெளிப்பெட்டியின் தகட்டில் சீரியல் எண் இருக்கும், அதைப் பிராண்டின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் எவ்வளவு காலம் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

ஹோம் வாரன்டி என்பது பெயரில்தான் வாரன்டி. உண்மையில் அது வருடாந்திரப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம். சாதாரணப் புழக்கத்தில் தேய்ந்து கெட்டதைச் சரிசெய்து தருவோம், ஆனால் இன்ன தொகை வரைக்கும், இன்னின்னது நீங்கலாக என்று எழுதியிருப்பார்கள். ஆள் வரும் ஒவ்வொரு முறையும் 75 முதல் 125 டாலர் வரை கட்டணம்.

ஆலங்கட்டி அடித்தது என்றால் காப்பீடு. மற்றபடி முதலில் சீரியல் எண்ணைப் பாருங்கள், அப்புறம் ஹோம் வாரன்டிக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (டல்லாஸ் அருகே): ஜூலையில் வெளியே 102 டிகிரி ஃபாரன்ஹீட், வீட்டுக்குள் 91. கம்ப்ரசர் போய்விட்டது. ஹோம் வாரன்டி அனுப்பிய டெக்னீஷியன் மூன்றாம் நாள்தான் வந்தார். போட்டோ எடுத்தார், "காயிலில் (கேஸ் ஓடும் சுருள் குழாயில்) அழுக்கு" என்றார், போய்விட்டார். மறுநாள் "பராமரிப்பு இல்லை, கிளெய்ம் நிராகரிப்பு" என்று போனில் சொன்னார்கள். இந்த வீட்டுக்கு வந்தே எட்டு மாதம்தான் ஆகிறது. கைக்குழந்தை இருக்கிறது. சொந்தக் காசில் மாற்றிவிட்டு அப்புறம் சண்டை போடலாமா?

பதில்: குழந்தையை நினைத்தால் இன்றே மாற்றத்தான் தோன்றும். ஆனால் பழைய கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டுவிட்டால் உங்கள் வழக்கும் அதோடு குப்பைக்குப் போய்விடும். அனுமதி இல்லாமல் செய்த வேலைக்குப் பணம் கிடையாது என்று ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். ஒரு ஜன்னல் ஏசியோ சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசியோ வாங்கிக் குழந்தை தூங்கும் அறையை மட்டும் குளிர வையுங்கள். அதற்குள் காகித வேலையை முடிப்போம்.

போனில் சொன்ன மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். டெக்னீஷியன் எழுதிய அறிக்கையையும் எடுத்த போட்டோக்களையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் "கம்ப்ரசரில் ஷார்ட், காயிலில் லேசான தூசி" என்று எழுதியிருப்பார், அலுவலகத்தில் இருப்பவர் தூசியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். இது நடப்பதுதான்.

அவர்கள் வாதம் முழுப் பொய்யும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிக்காயிலில் அழுக்கு அடைத்தால் வெப்பம் வெளியேறாது, கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் மூச்சு முட்டி ஓடும். பல வருடம் அப்படி ஓடினால் சாகும். ஆனால் டெக்சஸில் புல்வெளிக்குப் பக்கத்தில் நிற்கும் எந்தப் பெட்டியிலும் தூசி இருக்கத்தான் செய்யும். தூசி இருந்தது என்பது வேறு, தூசியால்தான் கம்ப்ரசர் செத்தது என்பது வேறு. இரண்டாவதை அவர்கள் காட்டட்டும்.

உங்கள் பக்கத்துக்குப் பலமான காகிதம் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. வீடு வாங்கும்போது எடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். நல்ல இன்ஸ்பெக்டர் ஏசியை ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் என்று குறித்திருப்பார். 15 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் அன்றைக்கு ஏசி ஒழுங்காக ஓடியது என்று பொருள். அதற்கு முந்தைய வருடங்களின் பராமரிப்பு உங்கள் பொறுப்பாக எப்படி ஆகும் என்று கேளுங்கள். இந்த எட்டு மாதத்தில் ஃபில்டர் வாங்கிய ரசீது இருந்தால், அமேசான் ஆர்டர் பக்கமாக இருந்தாலும் சரி, அதையும் வையுங்கள்.

அப்புறம் உரிமம் பெற்ற இன்னொரு ஏசி கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, எதனால் கெட்டது என்று எழுதி வாங்குங்கள். டெக்சஸில் உரிம எண் டி.ஏ.சி.எல்.ஏ. அல்லது டி.ஏ.சி.எல்.பி. என்று தொடங்கும். வண்டியிலும் பில்லிலும் இருக்கும். அந்த எண் இல்லாதவர் எழுதித் தருவது எதற்கும் உதவாது.

இத்தனையும் சேர்த்து அப்பீல் அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாநிலத்தின் உரிமத் துறையிலும் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் காப்பீட்டுத் துறைக்குப் போக வேண்டும். டெக்சஸில் 20,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்க்க வேண்டும் என்பது) இருந்தால் அதை ஒருமுறை படியுங்கள், சிறு வழக்குகளுக்கு விலக்கு தந்திருப்பார்கள் பல இடங்களில்.

கேள்வி (கேட்டி, ஹூஸ்டன்): எங்கள் ஏசிக்கு 14 வயது. காயிலில் ஓட்டை. ஹோம் வாரன்டியில் மாற்றித் தருகிறோம் என்றார்கள், சந்தோஷப்பட்டோம். பிறகு எங்கள் பங்கு 3,400 டாலர் என்று ஒரு கணக்கு அனுப்பினார்கள். கவரேஜ் இருந்தும் இது என்ன நியாயம்?

பதில்: ஒப்பந்தத்தில் பெட்டிக்குத்தான் கவரேஜ், பெட்டியைச் சுற்றி இருப்பதற்கு இல்லை. பெர்மிட், கிரேன், அட்டிக்கில் வைக்கும் தண்ணீர்த் தட்டு, பழைய கேஸை உறிஞ்சி எடுக்கும் கூலி, விதிமுறைக்கு ஏற்பச் செய்யும் மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் நீங்கலாக இருக்கும். சில ஒப்பந்தங்களில் கேஸுக்குப் பவுண்டுக்கு 10 டாலர்தான். மிச்சம் உங்கள் கணக்கு.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பழைய ஏசியில் இருப்பது அநேகமாக ஆர்-410ஏ கேஸ். புவி வெப்பத்தைக் குறைப்பதற்கான விதிப்படி, 2025 ஜனவரி 1 முதல் அந்தக் கேஸில் ஓடும் புதிய வீட்டு ஏசிகளைத் தயாரிப்பது நின்றுவிட்டது. இப்போது வருபவை ஆர்-454பி அல்லது ஆர்-32. வெளிப்பெட்டி புதியது, உள்காயில் பழையது என்று இந்தக் கேஸை வைத்துக் கலந்து ஓட்ட முடியாது. இரண்டையும் மாற்ற வேண்டும், செம்புக் குழாயையும் சில வீடுகளில் மாற்ற வேண்டிவரும். போதாக்குறைக்கு டெக்சஸ் உள்ள தென்பகுதிக்கு 2023 முதல் குறைந்தபட்ச மின்சிக்கன அளவும் உயர்ந்திருக்கிறது.

அதற்காக 3,400-ஐ அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள். பழைய ஏசிகளைப் பழுதுபார்க்க உதிரிபாகங்களும் ஆர்-410ஏ கேஸும் இன்னும் கிடைக்கின்றன. ஆகவே காயிலை மட்டும் மாற்ற முடியாதா என்று முதல் கேள்வியே போடுங்கள். முடியாது என்றால் "வேலை வேண்டாம், பணமாகக் கொடுங்கள்" என்று கேட்டு, எவ்வளவு தருவார்கள் என்று பாருங்கள். கடை விலையைத் தர மாட்டார்கள், மொத்த விலையில் அவர்களுக்கு ஆகும் செலவைத்தான் தருவார்கள். இருந்தாலும் வெளியில் இரண்டு கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டு, அதில் இந்தப் பணத்தைக் கழித்துப் பாருங்கள். அவர்கள் கேட்கும் 3,400-ஐவிடக் கொஞ்சம் கூட வந்தாலும் நான் வெளி ஆளையே தேர்ந்தெடுப்பேன். பிராண்டும் நம் விருப்பம், வேலையில் குறை இருந்தால் கூப்பிட்டுக் கேட்கவும் ஒருவர் இருப்பார்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். "கேஸ் குறைந்துவிட்டது, ரொப்பித் தருகிறேன்" என்று வருடா வருடம் ஒருவர் வந்து போயிருந்தால், அதுதான் இந்த ஓட்டையின் கதை. கேஸ் பெட்ரோல் மாதிரித் தீராது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): ஃபர்னஸ் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்துகிறது. ஹோம் வாரன்டியில் திங்கட்கிழமைதான் ஆள் வருவார் என்கிறார்கள். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது. அலாரம் கத்தினால் எல்லோரும் வெளியே வந்து 911-ஐக் கூப்பிட வேண்டும், வாரன்டிக் கம்பெனி அதற்குப் பிறகுதான். உள்ளே தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டிருக்கலாம். அப்படியானால் தயாரிப்பாளர் வாரன்டியையும் பாருங்கள். அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் மற்ற பாகங்களைவிட நீண்ட காலம், சில மாடல்களில் 20 வருடம்கூடத் தந்திருப்பார்கள்.

கேள்வி (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்): புது வீட்டுச் சாவி போன வாரம் வாங்கினோம். வருடம் 700 டாலருக்கு ஹோம் வாரன்டி எடுக்கச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் வருகிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வீடு கட்டியவர் தந்த வாரன்டிப் புத்தகத்தைப் பாருங்கள், வழக்கமாக வேலைப்பாட்டுக்கு 1 வருடம், ஏசி, குழாய், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2 வருடம், கட்டமைப்புக்கு 10 வருடம் இருக்கும். வெளிப்பெட்டியும் உள்பெட்டியும் தனித்தனியாக உங்கள் பெயரில் பதிவாகியிருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள், பல பில்டர்கள் செய்துவிடுவார்கள், சிலர் செய்ய மாட்டார்கள். பதிவுக் கணக்கு ஏசி பொருத்திய நாளிலிருந்தா, நீங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்தா என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், வாரன்டித் தாளில் பாருங்கள்.