கிட்டத்தட்ட 60 லட்சம்

கேள்வி: எனக்கு 57 வயது. 31 வருடமாகத் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி), சர்வீஸ் காசு (பணிக்கொடை) எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 60 லட்சம் வரும். வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க இது போதுமா? நண்பர்கள் போதும் என்கிறார்கள்.
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: கிளாக்கரையா, "போதுமா" என்பதை அப்புறம் பார்ப்போம். அந்தச் சொல்லைக் கேட்டாலே பட்டிமன்றக்காரர்கள் "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று மைக்கைப் பிடித்துவிடுவார்கள். அந்த மனத்தை அடகுக் கடையில் வைத்தால் பவுனுக்கு எவ்வளவு தருவார்கள் என்று ஒரு மேடையில் கேட்டுவைத்தேன். அன்றிலிருந்து என்னை நடுவராகக் கூப்பிடுவதில்லை. என் கண்ணில் குத்துவது உங்கள் "கிட்டத்தட்ட".

மலையில் "கிட்ட" என்ற சொல்லை நம்பி நடந்தவன் படும் பாடு கீழ்நாட்டுக்காரருக்குத் தெரியாது. ரோட்டில் நின்று வழி கேட்டால், "கிட்டத்தான், அந்தா தெரியுதே தகரக் கூரை" என்பார்கள். தெரியும்தான். எதிர் மலையில் லயத்து வாசலில் காயும் சேலையின் நிறம்கூடத் தெரியும். நடுவே ஓர் ஆறு, இரண்டு டிவிசன், துரை பங்களா நாய்கள் மூன்று. மஸ்கெலியாப் பக்கம் ஒரு மரண வீட்டுக்கு இப்படித்தான் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, எல்லோரும் குளித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வெள்ளனவே கிளம்பியிருக்கலாமே" என்றார் எனக்கு வழி சொன்னவரின் தம்பி.

சிவனொளிபாதமலையில் இது இன்னும் மோசம். நல்லதண்ணியிலிருந்து ஏறுகிறவர்களிடம் இறங்குகிறவர்கள் "இந்தா, கிட்ட வந்துட்டீங்க" என்பார்கள். 5,000க்கு மேல் படி. பாதியிலும் சொல்வார்கள், கால்வாசியிலும் சொல்வார்கள். அடிவாரத்துக் கடையில் நான் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தபோதே சொன்னவர் ஒருவர் உண்டு. பொய் சொல்லும் நோக்கமில்லை, பாசம்தான். ஆனால் அவர்கள் இறங்குகிறவர்கள். சரி, உங்களிடம் போதும் என்ற நண்பர்களில் எத்தனை பேர் அரசாங்கப் பென்ஷன்காரர்கள்? வாத்தியாருக்கும் தபால்காரருக்கும் உயிர் உள்ளவரை மாதாமாதம் வரும், அவர் போனபின் மனைவிக்கும் வரும். "போதுமா" என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கவே மாட்டார்கள். உங்களுக்கு வருவதோ ஒரே மொத்தம். அதை மாதச் சம்பளமாக மாற்றும் வேலை உங்கள் தலையில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். இந்தக் "கிட்டத்தட்ட" தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எங்கே போகிறது? சொன்ன கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். "கிட்டத்தட்ட முழுப் பேர்" என்று எந்தச் செக்ரோலிலும் (சம்பளப் பதிவேட்டிலும்) நான் பார்த்ததில்லை. தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்து எழுதிய பேனா, சொந்தக் காசு என்றதும் மட்டும் இப்படித் தளர்ந்துவிடுகிறதே! இதைப் பற்றி எழுதி எழுதி வாசகர்களுக்குப் புளித்துவிட்டது என்று உதவி ஆசிரியர் முகத்தைச் சுளிக்கிறார். எனக்குப் புளிக்கவில்லை.

பெயர் விசயமும் அப்படியே. அடையாள அட்டையில் முத்துமாரி, ஈ.பி.எப். பதிவில் முத்துமேரி. ஒரு பேனா வீச்சில் மதமே மாறிவிட்டது. "கிட்டத்தட்ட அதே பேர்தானே" என்று எழுதியவர் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் சத்தியக்கடதாசியும் கையுமாக, ஒவ்வொரு அலுவலகமாக பஸ் காசு கொடுத்து அலைகிறார். நீங்களும் இன்றைக்கே போய் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யார் எழுதியிருப்பார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது கணக்கு. ஈ.பி.எப். என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டம் போடுவது 12. ஈ.டி.எப். 3 சதவீதம், அது முழுக்கத் தோட்டத்தின் காசு. இரண்டுக்கும் நிலுவைக் கூற்று எடுக்கலாம், ஊகிக்க வேண்டியதில்லை. சர்வீஸ் காசு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 80,000 ரூபாய் என்று வைத்தால் 40,000 தரம் 31: 12 லட்சத்து 40 ஆயிரம். விரல்விட்டு எண்ணிவிடலாம். இதில் கிட்டத்தட்டவுக்கு எங்கே இடம்?

சரி, 60 லட்சம் முழுசாகவே வரட்டும். 8 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருடம் 480,000, மாதம் 40,000. வட்டியில் 10 சதவீத வரியைப் பிடிப்பார்கள். உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தடுக்கலாம். உங்கள் மாதச் செலவு எவ்வளவு? கடிதத்தில் இல்லை. வரவை எழுதிவிட்டுச் செலவை எழுதாமல் போதுமா என்கிறீர்கள். இது அளவைச் சொல்லாமல் தையல்காரனிடம் "இந்தத் துணி காணுமா" என்பது போல.

50,000 என்று நானே போடுகிறேன். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பு. 69 வயதில் அதே சோறும் அதே மருந்தும் ஒரு லட்சம், 81 வயதில் இரண்டு லட்சம். வட்டி அப்போதும் அந்த 40,000தான். உங்கள் வீட்டம்மாவுக்கு உங்களைவிட வயது குறைவாக இருக்கும், பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். ஆகவே கணக்கை உங்கள் ஆயுளோடு முடித்துவிட வேண்டாம்.

"வருடச் செலவின் 25 மடங்கு இருந்தால் போதும்" என்று உங்கள் மகன் போனில் காட்டியிருப்பார். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் போட்ட கணக்கிலிருந்து வந்தது அது: முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடு, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொள், 30 வருடம் தாங்கும். அவர் பார்த்தது அமெரிக்கப் பங்குச் சந்தையையும் அமெரிக்கக் கடன்பத்திரங்களையும். அதன்படி உங்களுக்குத் தேவை ஒரு கோடியே 50 லட்சம். கையில் வரும் 60 லட்சத்துக்கு மாதம் 20,000தான் எடுக்கலாம். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்ட நாட்டில் பெங்கன் குடியிருக்கவில்லை. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடத்துக்கு ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 சதவீதம். 60 தாண்டியவர்களுக்கு வங்கிகள் கொடுத்த 15 சதவீத விசேட வட்டியை நம்பி வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். அந்தத் திட்டமும் அதே வருடம் நின்றது. ஆகவே முழுத்தொகையையும் ஒரே வட்டிவீதத்தில் நம்பிக் கட்டிவைக்காதீர்கள். பெரிய சீட்டுப் பிடிக்கும் மைத்துனர் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம், நீங்கள் எழுதாமல் விட்டது. 31 வருடமும் இருந்தது தோட்டத்துக் குவாட்டர்ஸில்தானே? வாடகை இல்லை, விறகு தோட்டத்தில், கொல்லையில் லீக்ஸ், மாதாமாதம் தேயிலை. வேலையை விட்ட அன்று இதெல்லாமும் விட்டுப்போகும். சாவியைக் கொடுத்தால்தான் சர்வீஸ் காசு என்று இழுபறிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். டவுனில் ஒரு துண்டு நிலமும் இரண்டு அறையும் என்றால் 60 லட்சத்தில் மிஞ்சுவது என்ன? சொந்த வீடு ஏற்கெனவே கட்டியிருந்தால் என் பதில் வேறு. இல்லையென்றால் ராஜினாமாக் கடிதத்தை மேசைக்குள் போட்டுப் பூட்டுங்கள். வேலையில் இருக்கும் ஒவ்வொரு வருடமும் அரை மாதச் சம்பளத்தைக் கூட்டும், வாடகையையும் தள்ளிப்போடும்.

மூன்று மாதம் வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள், கொழுந்துக் கணக்கு எழுதுகிற அதே கண்டிப்போடு. நிலுவைக் கூற்றுகளையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். ஹட்டனில் மல்லியப்பு சந்தியில் இறங்கினால் போதும். அங்கிருந்து எங்கள் அலுவலகம் கிட்டத்தான்.