அந்த விடைக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள்

கேள்வி: நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்த செவிலியர். இங்கிலாந்து வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். மற்ற மூன்று பகுதியும் தேறிவிட்டன. ஸ்பீக்கிங் என்ற பேச்சுப் பகுதியில் மட்டும் இரண்டு தடவையும் 6. எனக்கு 7 வேண்டும். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் இசை, பயணம் என்று தலைப்புவாரியாக விடைகள் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் தேர்வாளர் பாதியிலேயே நிறுத்தி வேறு கேள்வி கேட்கிறார். அதோடு வாயடைத்துப் போகிறேன். எனக்குப் பாட்டு கேட்கும் பழக்கம் பெரிதாக இல்லை. ஊர் சுற்றியதும் இல்லை. எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்த விடைக் கட்டை எடுத்துப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். நீங்கள் 6-ஐத் தாண்டாமல் நிற்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

தேர்வாளர் நிறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கடிகாரம். மொத்தத் தேர்வே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதி 4, 5 நிமிடம். சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் கையில் தலைப்பு எழுதிய ஒரு கார்டு கொடுப்பார்கள். 1 நிமிடம் யோசிக்கலாம், 2 நிமிடம் வரை பேசலாம். மூன்றாவது மறுபடி 4, 5 நிமிடம். அதே தலைப்பை ஒட்டிய பொதுவான கேள்விகள். கார்டுக்குப் பேசும்போது 2 நிமிடம் ஆனதும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதில் கோபமும் இல்லை, மதிப்பெண் குறைப்பும் இல்லை.

இன்னொரு காரணம்தான் உங்களுடையது போலத் தெரிகிறது. ‘டூ யூ லைக் மியூசிக்?’ என்ற கேள்விக்குப் பத்து வரி ஒரே மூச்சில், ஒரே தொனியில் வந்தால் இது ஒப்பிப்பு என்று தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கவே அவருக்குப் பயிற்சி இருக்கிறது. ‘மியூசிக் இஸ் த ஃபுட் ஃபார் மை சோல்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு ‘யெஸ்... ஆக்சுவலி...’ என்று தடுமாறினால் இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் பளிச்சென்று தெரியாதா? ஒரே மையத்தில் படித்த இருபது பேரும் அதே வாக்கியத்தைச் சொல்லும் கொடுமை வேறு. மதிப்பெண் நான்கு கூறுகளுக்கு, நான்கும் சம எடை: தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நீங்கள் எத்தனை ராகம் அறிந்தவர், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதற்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. பன்னிரண்டு வருடம் ஆங்கிலப் பாடம் நடத்திவிட்டு, ஒரு பிள்ளையை இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச விடாத பள்ளிக்கூடங்களைத்தான் நோக வேண்டும். பேசிப் பழகாதவர் ஒப்பிக்கத்தானே செய்வார்.

பாட்டு பிடிக்காது என்கிறீர்கள். அப்படியே சொல்லுங்கள். இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்; ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். ‘இல்லை’ என்பது முழு மதிப்பெண் பெறக்கூடிய விடை. ஆனால் ‘நோ, ஐ டோன்ட் லைக் இட்’ என்று நிறுத்தினால் தேர்வாளருக்கு மதிப்பிட எதுவும் கிடைக்காது. ‘இல்லை, ஏனென்றால்’ என்று தொடர வேண்டும். வார்டில் எட்டு மணி நேரம் மானிட்டர் சத்தமும் அழைப்பு மணியும் கேட்டுவிட்டு வருகிறீர்கள். வீட்டில் அமைதிதான் வேண்டியிருக்கிறது. இது ஒரு காரணம். ஆனாலும் கோவில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டால் நிற்பீர்கள். இது ஒரு விலக்கு. மூன்று, நான்கு வாக்கியம் ஆகிவிட்டது. ‘நாதஸ்வரம்’ என்று சொன்னதும் அது என்ன என்று நீங்களே விளக்குங்கள்: மரத்தால் செய்த நீளமான ஊதுகருவி, ஓசை அதிகம், கல்யாணத்திலும் கோவிலிலும் வாசிப்பார்கள். தவிலென்றால் இரண்டு பக்கமும் தோல் உள்ள மேளம், ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் விரலில் கூடு மாட்டிய கை. சொல் கிடைக்காத இடத்தில் சுற்றி விளக்கும் இந்தத் திறமைக்குச் சொல்வளத்தில் தனி மதிப்பு உண்டு. அந்த விடைக் கட்டில் இருக்கும் ஆங்கில மரபுத்தொடர்களைவிட இது பல மடங்கு மேல். பொய்யாக ‘எனக்கு ஜாஸ் உயிர்’ என்று சொன்னால், அடுத்த கேள்வி ஜாஸைப் பற்றித்தான் வரும்.

பயணத்துக்கும் இதேதான். போகாத சுவிட்சர்லாந்து எதற்கு? கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறிப் புதுச்சேரி போவது இருபது கிலோமீட்டர் சொச்சம். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று வழி முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்த விஷயம். மழை நாளில் அந்தப் பேருந்து ஒரு மணி நேரம் நின்றிருந்தால் அதுவே உங்கள் ‘மறக்க முடியாத பயணம்’. கார்டில் நான்கு வரி இருக்கும்: எங்கே, எப்போது, யாரோடு, ஏன் நினைவிருக்கிறது. தவறு நடப்பது எங்கே என்றால், முதல் மூன்றையும் நான்காவதையும் ஒரே அளவில் பேசிவிட்டு 50 நொடியில் மூச்சு வாங்குவது. முதல் மூன்றுக்கும் சேர்த்து 40 நொடி போதும். மிச்சம் முழுவதும் ஒரே ஒரு தருணத்துக்கு: பேருந்து நின்றது, சன்னல் ஒழுகியது, பக்கத்து அம்மாள் வேர்க்கடலை கொடுத்தார். யோசிக்கும் 1 நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள், தாளில் ஐந்தாறு சொல்தான். ‘மழை, பாலம், சன்னல், கடலை, அம்மாள்’ போதும்.

பயிற்சி நாளுக்கு 20 நிமிடம். ஒரு கார்டு எடுங்கள், 1 நிமிடம் யோசித்து, செல்போனில் பதிவு போட்டு 2 நிமிடம் பேசுங்கள். பிறகு பென்சிலோடு கேளுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் எண்ணுங்கள்: வாய் நின்றுபோன இடங்கள், நடந்த கதையில் நுழைந்துவிட்ட நிகழ்காலம், விழுங்கிய கடைசி ஒலிகள். நாம் ‘வாக்டு’, ‘ஸ்டாப்டு’ என்பதில் கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறோம். கேட்பவருக்கு அது இலக்கணப் பிழையாகவே படும். பின்பு அதே கதையை எதையும் பார்க்காமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொல்லுங்கள். சொற்கள் மாறினால் கவலைப்படாதீர்கள், மாறத்தான் வேண்டும். கதை ஒன்றே, வாக்கியம் ஒவ்வொரு தடவையும் புதிது. இப்படி இசைக்கு மூன்று, பயணத்துக்கு நான்கு சொந்த அனுபவங்கள் தயாராக இருந்தால் பெரும்பாலான கார்டுகளுக்கு வளைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு தலைப்பிலும் தமிழ் காலை வாரும் இடங்கள் சில. தமிழில் பாட்டு காதில் விழுவதும் ‘கேட்டேன்’, உட்கார்ந்து கேட்பதும் ‘கேட்டேன்’தான். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹியர்’, இரண்டாவது ‘லிசன் டு’. அந்த ‘டு’வை விட்டுவிட்டு ‘லிசன் மியூசிக்’ என்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் காதில் விழும் பிழை. ‘பயணம்’ என்ற ஒரு சொல்லுக்கு அங்கே மூன்று: போய்வந்த ஒரு முறை ‘ட்ரிப்’, வழியில் கழிந்த நேரம் ‘ஜர்னி’, பொதுவாகப் பயணிப்பது ‘ட்ராவல்’. ‘ஐ வென்ட் ஃபார் எ ட்ராவல்’ கிடையாது. ‘சீனரி’க்குப் பன்மை கிடையாது. ‘மியூசிக்’கின் நடுவில் வருவது தொண்டையில் கை வைத்தால் அதிரும் ஒலி, நாம் அதிர்வில்லாத ‘ஸ’வைப் போட்டுவிடுகிறோம். ‘மியூசிஷியன்’ என்பதில் அழுத்தம் இரண்டாவது அசையில். மற்றபடி தமிழ்நாட்டு வாடை இருந்தால் இருக்கட்டும், அதற்குக் குறைப்பு இல்லை. மூக்கால் பேசக் கற்றுக்கொடுக்கும் மையங்களை நம்பாதீர்கள்.

மூன்றாம் பகுதியில் ‘நான், என் வீடு’ என்று பேசாமல் ஊருலகத்தைப் பேசினால் போதும். சுற்றுலாவால் ஒரு ஊருக்கு நன்மையா என்று கேட்டால், சனி, ஞாயிறுகளில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சேரும் கூட்டமே உதாரணம்: கடைக்காரருக்கு வியாபாரம், குடியிருப்பவருக்கு நெரிசல்.

பணம் விஷயம். ‘இந்த மாதம் வரப்போகும் கார்டுகள்’ என்று டெலிகிராமில் விற்கிறார்களே, அவை தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிப்போட்டவை. இலவசமாகவே கிடைக்கும் சரக்கு. ‘தேர்வு எழுதாமலே சான்றிதழ்’ என்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள். தேர்வு நாளில் புகைப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். வேலை கொடுப்பவர் மதிப்பெண்ணை ஆன்லைனில் சரிபார்க்கிறார். போலி ஆவணம் கொடுத்து மாட்டினால் இங்கிலாந்து விசாவுக்கு 10 ஆண்டு வரை தடை வரும். ஏஜென்ட் அன்றைக்கே எண்ணை மாற்றிவிடுவார்.

ஏஜென்டுகள் சொல்லாத ஒன்று: உங்கள் கடைசித் தேர்வு கணினி வழித் தேர்வாக இருந்து, 60 நாள் தாண்டவில்லை என்றால், ஸ்பீக்கிங்கை மட்டும் ஒரு முறை மறுபடி எழுதலாம். முழுத் தேர்வுக்கு 17,000 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கிக்கொண்டு, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று இங்கிலாந்துச் செவிலியர் கவுன்சில் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாதியில் நிறுத்தினால் வாயடைக்கிறது என்றீர்களே, அதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. தம்பியோ தங்கையோ எதிரே உட்காரட்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்திலாவது கையை உயர்த்தி ‘ஏன்?’, ‘எப்போது?’, ‘யார் சொன்னது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, தமிழிலேயே கேட்கட்டும். நீங்கள் மட்டும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.